ஜங்க் ஜர்னலில் ஸ்டாம்ப்: ஒட்டுவதா, குத்துவதா?

கேள்வி: ஜனவரி 9

பழைய உறைகள், கிழிந்த புத்தகத் தாள்கள், ரசீதுகள் எல்லாம் சேர்த்து என் முதல் ஜங்க் ஜர்னலைத் தைத்து முடித்துவிட்டேன். அலங்காரத்துக்கு ஸ்டாம்ப் தாராளமாகப் போட்டேன். இப்போது புரட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, ஒரே இரைச்சல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்டாம்பும் அழகு. சேர்த்துப் பார்த்தால் ஏன் இப்படி? ஒரு பக்கத்துக்கு எத்தனை போடலாம் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

ஜனவரி 9, இரவு

மூன்று. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், மூன்றுதான். ஒற்றைப்படையாக இருந்தால் கண் ஓரிடத்தில் நிற்கும். இரண்டோ நான்கோ வைத்தால் ஜோடி சேர்ந்து வரிசையில் நின்றுவிடும்.

அப்புறம், தண்ணீரில் ஊறவைத்துப் பின்தாளை நீக்கிவிட்டு ஒட்டுகிறீர்களா, உறையிலிருந்து வெட்டி அப்படியே ஒட்டுகிறீர்களா? பின்தாளோடு ஒட்டினால் கனம் ஏறும். ஒன்றிரண்டில் தெரியாது, நூறு ஒட்டியபின் தெரியும். தையல் பக்கம் ஒல்லியாகவும் திறக்கும் பக்கம் பருத்தும் போய், நோட்டு மூடாமல் முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். என் இரண்டாவது ஜர்னல் இன்றும் அப்படித்தான். அதன்மேல் அகராதி ஒன்றை வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது சொல்லுக்குப் பொருள் தேவைப்படும் போதெல்லாம் அது வாயைத் திறந்துகொள்ளும்.

ஜனவரி 10, காலை

சரி, நேற்று நான் எழுதியது முழுக்க வேறொரு கேள்விக்கான பதில். நீங்கள் கேட்டது ரப்பர் ஸ்டாம்ப், நான் பேசியது தபால்தலை. இரண்டையும் ஸ்டாம்ப் என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை. முத்திரை என்று எழுதலாமென்றால் தபால்தலைமேல் விழுகிற கறுப்பு வட்டமும் முத்திரைதான். எனவே இனிமேல் நான் எழுதுவதில் ஒட்டுவது தபால்தலை, குத்துவது அச்சு, தபால் நிலையத்தில் விழுவது முத்திரை. மூன்று என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும். அச்சுக்கும் பொருந்தும்.

ஜனவரி 10, மாலை

அச்சு என்றால் இரைச்சலுக்கு முக்கால்வாசிக் காரணம் மை.

ஜங்க் ஜர்னலின் தாள் வெறும் தாள் இல்லை. அதில் ஏற்கெனவே யாரோ பேசிவிட்டார்கள்: புத்தக வரிகள், ரசீது எண்கள், இசைக்குறிப்புக் கோடுகள். அதன்மேல் பூ, கடிகாரம், பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் ஒரே கறுப்பில் ஒரே அழுத்தத்தில் குத்தினால் எல்லாம் ஒரே குரலில் கத்தும். நான் செய்வது இது. ஒருமுறை மை தொட்டுக்கொண்டு, முதல் பதிவைக் கழிவுத்தாளில் குத்திவிடுவேன். மறுபடி மை தொடாமல் இரண்டாவது, மூன்றாவது பதிவை ஜர்னலில் குத்துவேன். மூன்றாவது பதிவு பாதி மறைந்த மாதிரி விழும். பின்னணிக்கு அதுதான் வேண்டும். அதன்மேல் ஒரே ஒரு அச்சை மட்டும் முழு மையோடு குத்தினால் போதும்.

மையிலும் இரண்டு வகை. டை இங்க் தாளுக்குள் இறங்கும், சீக்கிரம் காயும், வெளிச்சம் பட்டால் காலப்போக்கில் வெளுக்கும். மெல்லிய புத்தகத் தாளாக இருந்தால் மறுபக்கத்தையும் எட்டிப் பார்க்கும். பிக்மென்ட் இங்க் தாளின் மேலேயே உட்காரும், மெதுவாகத்தான் காயும், நிறம் திடமாக நிற்கும். பழுப்பு உறைத்தாளில் வெள்ளை மை குத்த வேண்டுமென்றால் பிக்மென்ட்தான் வழி. ஈரமாக இருப்பதால் அதன்மேல் எம்பாசிங் பொடி தூவி ஹீட் கன்னால் சுடவைத்தால் பொடி உருகிப் புடைப்பாக நிற்கும். பழைய உறையில் செம்பு நிறப் பொடி நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் புடைப்பு வைத்தால், முதலை.

ஜனவரி 14

மேலே பிக்மென்ட் மெதுவாகக் காயும் என்று எழுதினேன். வழவழப்பான பத்திரிகைத் தாளில் அது காயவே காயாது என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். நேற்று நானே அதை மறந்து, பளபளப்பான ஒரு பக்கத்தில் கருநீலத்தில் பெரிய இலை ஒன்றைக் குத்தினேன். ஒரு ராத்திரி காயட்டும் என்று திறந்துவைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது. மூடினேன். மாலையில் திறந்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு இலை, நடுவில் என் கட்டைவிரல் ரேகையோடு. அந்த மை உறிஞ்சும் தாளில் இறங்கித்தான் காய வேண்டும். வழவழப்புப் பூச்சு உள்ளே விடுவதில்லை.

அத்தகைய தாளுக்குக் கரைப்பான் கலந்த மை வேண்டும். அது பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், வாசனை தூக்கும். மெல்லிய தாளில் அதைக் குத்தவே வேண்டாம், மறுபக்கம் முழுக்க எண்ணெய்க்கறை போல் தெரியும்.

ஜனவரி 15

எதிர்ப்பக்க இலையை அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரேகையைச் சுற்றிப் பென்சிலால் நத்தை வரைந்துவிட்டேன்.

ஜனவரி 21

கடையில் வாங்கும் அச்சு எல்லோருடைய ஜர்னலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், நாமே செதுக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். பென்சில் அழிப்பான் போதும். மரம் செதுக்கும் சிறு உளியோ கூரிய கத்தியோ வேண்டும். வேண்டிய கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை எடுக்க வேண்டும். கத்தியை உட்பக்கமாகச் சாய்த்து வெட்டினால் கோட்டின் அடி மெலிந்து, பத்துப் பதிவில் மடங்கிவிடும். வெளிப்பக்கமாகச் சாய்த்து, அடி அகலமாக நிற்கும்படி வெட்டுங்கள்.

எழுத்து செதுக்குவதுதான் வேடிக்கை. குத்தும்போது இடவலம் மாறும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் முதன்முதலில் ‘கடிதம்’ என்ற சொல்லை அப்படியே நேராகச் செதுக்கி வைத்தேன். குத்தினால் யாரோ கண்ணாடிக்குள்ளிருந்து எழுதின மாதிரி. அடுத்து ‘பெட்டி’ என்று முயன்றேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், அச்சில் பின்னால் வர வேண்டும், ஆனால் அது திரும்பியும் இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, இடத்தை மாற்றினேன், கொம்பைத் திருப்ப மறந்தேன். நம் எழுத்தில் ப மட்டும்தான் நம்பகமானது. எப்படிக் குத்தினாலும் ப.

குறுக்கு வழி ஒன்று உண்டு. டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கம் அழிப்பானில் படும்படி கவிழ்த்து, நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகத் திரும்பி அழிப்பானில் இறங்கும். யோசிக்கவே வேண்டாம். இது தெரிய எனக்கு நான்கு அழிப்பான் ஆனது.

ஜனவரி 28

இப்போது தபால்தலைப் பக்கம் போகலாம். முதல் நாள் தவறுதலாகத் தொடங்கிய பேச்சுக்குத்தான் இங்கே கேள்விகள் அதிகம் வருகின்றன.

ஊறவைப்பது எளிது. உறையிலிருந்து சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டால் பழைய பசை கால்மணி நேரத்தில் இளகும். தபால்தலை தானாக வழுக்கி வர வேண்டும், பிய்க்கக் கூடாது. பின்பக்கம் மிச்சப் பசை இருந்தால் இன்னொரு நல்ல தண்ணீரில் அலசி, உறிஞ்சும் தாளில் கவிழ்த்துப் போடுங்கள். பசைப்பக்கம் கீழே இருந்தால் அந்தத் தாளோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் கனமான எதையாவது மேலே வைத்தால் சுருளாது.

இதில் என் சாதனை: முப்பது தபால்தலைகளோடு சிவப்பு உறையில் இருந்த ஒன்றையும் அதே கிண்ணத்தில் போட்டது. உறையின் சாயம் கசிந்து, பத்து நிமிடத்தில் முப்பத்தொன்றும் வெட்கப்பட்ட மாதிரி ரோஜா நிறம். நிற உறைகளைத் தனியாக ஊறவையுங்கள். தபால்தலையின் மையே கரையும் வகையும் உண்டு. பிரிட்டனில் 1880களில் வந்த இளம்ஊதா, பச்சை வரிசையின் மையை வேண்டுமென்றே கரைகிற மாதிரி தயாரித்தார்கள். முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்துகிறவர்களைப் பிடிக்க.

ஸ்டிக்கர் வகைத் தபால்தலை வேறு கதை. 1964-ல் சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவிலேயே முதன்முதலாக அப்படி ஒன்றை வெளியிட்டது. அமெரிக்கா 1974-ல் கிறிஸ்துமஸுக்கு வெளியிட்டுப் பார்த்தது. அதன் பிசின் நாளடைவில் தாளுக்குள் ஊறித் தபால்தலையையே கறையாக்கிவிட்டது. ஸ்டிக்கர் வகையில் பல, தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அசையாது. பின்தாளோடு கத்தரித்து ஒட்டுவதே நல்லது.

1974 கதை நமக்கும் பாடம். மலிவான இருபக்க டேப்பால் ஒட்டினால் சில ஆண்டுகளில் அதே மஞ்சள் கறை வரும். பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும்.

பிப்ரவரி 2

தபால்தலையை ஜர்னலில் ஒட்டுவது பாவம், சேகரிப்பாளர் யாரும் மன்னிக்க மாட்டார் என்று ஒருவர் கொதித்திருக்கிறார். கொஞ்சம் சண்டை போடலாம்.

உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் பிரிட்டனில் 1840 மே மாதம் வந்தது. அடுத்த ஆண்டே, 1841-ல், டைம்ஸ் நாளிதழில் ஓர் இளம்பெண் விளம்பரம் கொடுத்தார்: தன் உடைமாற்றும் அறையின் சுவர்களை மூட, ஏற்கெனவே முத்திரை விழுந்த தபால்தலைகள் வேண்டும் என்று. சேகரிப்புக்கு ‘பிலாட்டலி’ என்ற பெயரை ஜார்ஜ் எர்பான் பிரான்சில் சூட்டியது 1864-ல். சுவரில் ஒட்டுகிறவர்கள் இருபத்து மூன்று ஆண்டு மூத்தவர்கள். மூத்தோரை மதிக்க வேண்டாமா?

பழசு வேறு, அரிது வேறு. பென்னி பிளாக்கே 6.8 கோடிக்கு மேல் அச்சானது. நம் உறைகளில் வரும் அன்றாடத் தபால்தலைகளின் எண்ணிக்கை அதற்கெல்லாம் மேல். எடைக்கு அள்ளி விற்கிறார்கள்.

பிப்ரவரி 3

நேற்று ஜம்பமாக எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து என் பெட்டியைக் கிளறினேன். உறையோடு இருந்த ஒன்றில் முகவரி, முத்திரை, இடையில் திருப்பி அனுப்பப்பட்டதற்கான இன்னொரு முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. அதிலிருந்து தபால்தலையை மட்டும் நான் வெட்டி எடுத்திருந்தால் மிச்சம் என்ன? ஒரு பறவைப் படம். அந்தக் கடிதம் எங்கெங்கே அலைந்தது என்பதெல்லாம் குப்பைக்கூடையில் இருந்திருக்கும்.

கொதித்தவர் சொன்னதில் பாதி சரி. உறையோடு முழுதாக இருப்பதை ஊறவைக்காதீர்கள். சேகரிப்பாளர்களும் பெரும்பாலும் உறையோடு இருப்பதைத்தான் மதிப்பார்கள். நான் அந்த உறையை அப்படியே ஜர்னலில் பக்கமாகத் தைத்துவிட்டேன். மேல்வாய் திறந்திருப்பதால் உள்ளே சிறு அட்டைகள் செருகும் பையாகவும் ஆகிவிட்டது. பறவை தன் இடத்திலேயே இருக்கிறது.

அவர் சொன்ன மறுபாதி தவறு. அதில் மாற்றமில்லை.

பிப்ரவரி 11

சொந்தமாகத் தபால்தலை செய்வது. தபால் கட்டணத்துக்குச் செல்லாத, தபால்தலை போன்ற துண்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் சிண்ட்ரெல்லா. டென்மார்க்கில் 1904-ல் ஐனர் ஹோல்போல் என்ற தபால் ஊழியரின் யோசனையில் பிறந்த கிறிஸ்துமஸ் வில்லை அந்த வகை. காசநோயுள்ள குழந்தைகளுக்காக நிதி திரட்டுவதற்கு, கடிதத்தில் தபால்தலையோடு கூடுதலாக ஒட்டுவது. நாம் செய்வதும் சிண்ட்ரெல்லாதான், நிதி மட்டும் நம் கையிலிருந்து வெளியே போகும்.

படத்தைவிட ஓரத்துப் பல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அலைவெட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினால் அலை மாதிரி இருக்கும், பல் மாதிரி இராது. நூல் கோர்க்காத தையல் இயந்திரம்தான் சிறந்தது. 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணுவதே பல்லளவு. பத்திலிருந்து பதினைந்து வரை சகஜம். தையல் நீளத்தை 2 மில்லிமீட்டரில் வைத்தால் பத்து துளை விழும், 1.5-ல் வைத்தால் பதின்மூன்று. இயந்திரத்தில் வழக்கமாக இருக்கும் 2.5-ல் எட்டுதான் வரும், பல் பெரிதாகப் பொம்மை மாதிரி தெரியும். நான் 1.5-ல் வைக்கிறேன். துளை போட்டபின் கோட்டில் முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்து, பிறகு கையால் கிழிக்க வேண்டும். கத்தரித்தால் இவ்வளவு பாடும் வீண்.

பல்லே இல்லாமலும் செய்யலாம். முதல் தபால்தலைகளுக்குப் பல் கிடையாது, தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுத்தார்கள். பிரிட்டனில் பல் வழக்கமானது 1854-லிருந்து. கோணலாக வெட்டிவிட்டால், 1840 பாணி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

தாள் குத்திய ஊசியால் துணி தைக்காதீர்கள். முனை மழுங்கியிருக்கும். வீட்டில் இதை எனக்கு உரத்த குரலில் சொன்னார்கள்.

மார்ச் 1

என் பழைய ஜர்னல்கள் ஐந்தையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். ‘மூன்று’ என்று அன்றைக்கு அடித்துச் சொன்னேனே, அதை எங்கிருந்து எடுத்தேன் என்று தேடினேன். எங்கேயும் இல்லை. நன்றாக வந்திருக்கும் பக்கங்களில் ஒன்றில் பதினேழு தபால்தலை இருக்கிறது, இன்னொன்றில் ஒன்றுகூட இல்லை, அச்சு மட்டும். சரியாக மூன்று இருக்கும் பக்கங்கள் பெரும்பாலும் சுமார் ரகம். எனவே மூன்றை வாபஸ் வாங்குகிறேன்.

நன்றாக வந்த பக்கங்களில் வேறொன்று தெரிந்தது. அவற்றில் தபால்தலை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒன்றில் கிழிசலை மூடியிருக்கிறது. ஒன்றில் இரண்டு துண்டுத் தாள்கள் சேரும் இடத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்று உட்கார்ந்து இரண்டையும் பிடித்திருக்கிறது. ஒன்றில் மடிப்பைத் திறக்கும் கீல். பதினேழு இருந்த பக்கத்தில், தேயிலைச் சாயம் போட்டபோது கந்தலான முழுத் தாளையே அவைதான் தாங்குகின்றன. எந்த வேலையும் இல்லாமல் ஒட்டியவை எல்லாம், ஒட்டிய பின்னும் ஒட்டாமல் நிற்கின்றன. நாளை விழுந்துவிடும் போல.

அப்புறம் அந்தத் திரும்பிவந்த உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் தபால்தலை ஒட்டாமல் நிற்கவில்லை. ஏன்? முத்திரையின் வட்டம் பாதி தபால்தலைமேலும் பாதி உறைமேலும் விழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. சேகரிப்பாளர்களும் ‘கட்டப்பட்டது’ என்ற பொருளில்தான் அதைச் சொல்வார்கள். அந்தத் தபால்தலை இந்த உறையில்தான் பயணம் போனது என்பதற்கு அந்த வட்டம் சாட்சி.

உடனே செய்து பார்த்தேன். ஒட்டாமல் நின்ற தபால்தலை ஒன்றின் விளிம்பில், பாதி அதன்மேல் பாதி பக்கத்தின்மேல் விழும்படி வட்ட அச்சைக் குத்தினேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது.

ஜனவரியில் நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒட்டுவதைப் பற்றிப் பேசினேன், நீங்கள் குத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஒட்டிவிட்டுக் குத்த வேண்டியிருக்கிறது.

மார்ச் 1, மறுபடி

இரண்டு விஷயம் விட்டுப்போனது. தபால்தலையின் விளிம்பு மேடு, பக்கம் பள்ளம். மேட்டையொட்டி அச்சு பதியாமல் வெள்ளைக் கோடு விழும். பக்கத்தின் அடியில் மெத்தென்ற எதையாவது, பழைய மவுஸ்பேடை, வைத்துக் குத்தினால் இரண்டிலும் விழும். கொஞ்சம் விட்டுப்போனாலும் மோசமில்லை, நிஜ முத்திரையும் அப்படித்தான்.

இன்னொன்று, நிறம். கறுப்பான தபால்தலைமேல் சிவப்பு முத்திரை வேண்டாம். பென்னி பிளாக்கிலேயே அந்தச் சிக்கல் வந்தது. சிவப்பு முத்திரை கறுப்பில் சரியாகத் தெரியவில்லை, எளிதாக அழிக்கவும் முடிந்தது. 1841-ல் தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். நான் இதை ரொம்பத் தாமதமாகத்தான் நினைத்துக்கொண்டேன், ஒரு கறுப்பு யானையின்மேல் சிவப்பு வட்டம் குத்திவிட்டு அது எங்கே போனது என்று தேடியபோது.

மார்ச் 4

வட்ட அச்சு இல்லாதவர்கள் அலுவலகத் தேதி அச்சைப் பயன்படுத்தலாமா என்கிறீர்கள். தாராளமாக. நானும் அதைத்தான் கூடவே குத்துகிறேன். ஒரே கோளாறு, அதன் வருடப் பட்டையில் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் இருக்கும். என்னுடையது 2019-ல் முடிந்துபோனது. என் கடைசி இரண்டு ஜர்னல்களிலும் எல்லாமே 2019-ல்தான் நடக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.